ஏழாவது கம்பம்

தொண்ணூறு நிமிடம் என்றது துண்டுப்பிரசுரம்.
சின்னக் கால்களுக்கு ஏற்றது,
தள்ளுவண்டி போகும்,
வெள்ளைத் தலை வைத்த ஏழு கம்பங்கள் வழி காட்டும்.

எழுதியவருக்குப் பிள்ளைகள் இல்லை.
அல்லது வளர்ந்து
வேறு ஊருக்குப் போய்விட்டார்கள்.

ரைஸ்லிப் நிலையத்தில் இறங்கி, பஸ் பிடித்து,
காட்டின் வாசலுக்கு வரும்போதே
இரண்டு வாழைப்பழம் முடிந்திருந்தது.
முதல் கம்பத்தடியில் மூன்றாவது.
அகரன் உரித்த தோலைப்
பையில் போட்டபடி சாரங்கி சொன்னாள்:
"ஆயிரத்து அறுநூறாம் ஆண்டுக்கு முந்தியே
காடாக இருந்தால்தான்
இங்கே தொல்காடு எண்டு எழுதுவினமாம்."
"அம்மாவை விடப் பழசா?"
"கொஞ்சம்."

ஏப்ரல் கடைசி.
மரங்கள் இன்னும் முழுதாய் இலை போர்த்தவில்லை.
அந்த இடைவெளிக்குள்
அவசர அவசரமாய்ப் பூத்துவிடுகிறது புளூபெல்.
நிலமெல்லாம் நீலம் என்று எழுதினால் பொய்.
கிட்டப் போனால் ஊதா,
தள்ளி நின்றால் புகை,
நிவேனா குனிந்து பார்த்தபோது
அவள் கன்னத்திலும் கொஞ்சம்.
மிதிக்கக்கூடாது என்று ஒருமுறைதான் சொன்னேன்.
பிறகு எங்களுக்கு அவளே காவல்.

ஹார்ன்பீம் மரங்களுக்கு நடுத்தண்டு இல்லை.
ஓர் அடிக்கட்டையிலிருந்து ஏழெட்டுக் கிளம்பி,
காணிச் சண்டையில் முகம் திருப்பிக்கொண்ட
சகோதரர்கள் மாதிரி நிற்கின்றன.
விறகுக்கு வெட்ட வெட்டத் துளிர்த்தவையாம்.
வெட்டாமல் விட்டிருந்தால்
எப்போதோ செத்திருக்கும் என்கிறது பலகை.
இதை வைத்துப் பெரிதாய் ஏதோ சொல்ல
வாய் திறந்தேன்.
அதற்குள் வண்டியின் முன்சக்கரம்
சேற்றில் இறங்கிவிட்டது.

பள்ளிக்கூடத்தில் பாடமாக்கியது:
முல்லை என்றால் காடு,
காடு என்றால் காத்திருத்தல்.
மாலை வரும், தேர் வரும்,
அதுவரை ஆற்றி இருப்பாள் தலைவி.
சோதனைக்கு எழுதிப் புள்ளியும் வாங்கினேன்.
விளங்கியது இங்கேதான்,
மூன்றாம் நான்காம் கம்பங்களுக்கு நடுவில்.
தேர் சேற்றில் நிற்க,
ஒரு கருவண்டு
விழுந்த மரத்தின் இந்த நுனியிலிருந்து அந்த நுனிக்குப்
போய்ச் சேரும்வரை
அசையமாட்டேன் என்று
மூன்று வயதுக்காரன் குந்தியிருக்க,
வானமும் இருட்டிக்கொண்டு வர,
ஆற்றி இருந்தோம்.

வண்டு பாதிவழியில் திரும்பியது.

நாயோடு எதிரே வந்த பெண்மணி
முழங்கால்வரை சேறு.
"நாலு கம்பமா! கெட்டிக்காரன்" என்றாள்.
அவள் பாராட்டி முடிக்குமுன்
அகரனின் பிஸ்கட் நாயின் வாயில்.
அவன் அழவில்லை.
நாயும் நடந்துதானே வந்தது என்றான்.

ஐந்தாவதருகே கால் வந்தது,
சப்பாத்து வரவில்லை.
கொக்குப் போல ஒற்றைக் காலில் அவன்.
நான் இழுக்க இழுக்கச்
சேறு ஒரு சத்தம் விட்டது,
சபையில் விடக்கூடாத சத்தம்.
அன்று முழுக்கப் பிள்ளைகள்
அவ்வளவு சிரித்தது அதற்குத்தான்.
"திரும்பச் செய், அப்பா."
நல்ல சப்பாத்தை நாலுதரம் புதைத்து
நாலுதரம் எடுத்தேன்.

ஆறாவதில் மழை.
ஏழாவது இல்லை.
வழி வளைந்து, வளைந்து,
சட்டென்று தெருவாகிவிட்டது.
கார்கள். பஸ் தரிப்பு.
"ஏழு எண்டுதானே போட்டிருக்கு?"
காட்டைப் பார்த்தபடி நனைந்துகொண்டு நின்றாள் நிவேனா.
ஆரோ பிடுங்கியிருப்பினம் என்றேன்.
அடுத்தமுறை பார்ப்பம் என்றாள் சாரங்கி,
தோளில் தூங்கியவனைத் தாங்கிக்கொண்டு.
எடுபடவில்லை.

இரவு சலவைக்குப் போடும்போது
என் பையில் கூழாகிப்போன பிரசுரம்,
அகரனின் பையில் ஒரு குச்சி,
அவன் பெயர் வைத்த குச்சி,
எறிய அனுமதியில்லை.
விளக்கணைத்த அறையிலிருந்து நிவேனா:
"அப்பா, ஏழாவது கம்பம்
இப்ப இருட்டுக்குள்ள நிக்குமா?"
நிற்கும் என்றேன்.
"ஆரைப் பாத்துக்கொண்டு?"