பிரிவு நூற்று அறுபது

சொல்லுக்கு நாற்பது சென். வெள்ளிக்கிழமை கெடு.
சூலியாத் தெருவில், நகல் கடைக்கு மேல்மாடி.
கீழே இயந்திரம் ஓடும்போதெல்லாம்
என் தேநீர் நடுங்குகிறது.

அரசமைப்பில் சொற்களுக்குப் பொருள் சொல்லும் பிரிவு.
மலாய்க்காரர் என்றால் யார்?
சமயம் இன்னது, மரபு இன்னது,
வழக்கமாகப் பேசும் மொழி இன்னது.
அந்த 'வழக்கமாக'வில் அரை மணி நேரம் போயிற்று.
நிறத்தைப் பற்றியோ மூக்கைப் பற்றியோ
பேச்சே இல்லை.
அது எனக்குப் பிடித்திருந்தது.

பூர்வகுடிக்கு ஒரு வரி.
சரவாக் மண்ணின் மக்களுக்கு
இனப்பெயர்கள் வரிசையாக.

பிறகு எங்களைத் தேடினேன்.
இந்தியர், காணோம்.
சீனர், காணோம்.
முன்னால் புரட்டினால்
ஓரிடத்தில் 'பிற சமூகங்கள்' என்று
பெயரில்லாமல் வந்துபோகிறோம்.

இறங்கிப் போய்ச் சொன்னேன்:
"சியூ லெங், நாம ரெண்டு பேரும் இதுல இல்லை."
"நல்லதுதான், பக்கம் குறையும்,"
தாளைத் தட்டி அடுக்கினாள்.
எனக்குக் கூலியும் குறையும், அதை அவள் யோசிக்கவில்லை.
கெனிங்காவிலிருந்து வந்த ஜெஃப்ரின்,
எந்தப் பாரத்திலும் கடைசிக் கட்டத்தில் கோடு போடுகிறவன்,
மை படிந்த கையோடு சிரித்தான்:
"லாயின்-லாயினுக்கு வந்திடுங்க அக்கா,
அங்கே கூட்டமில்லை."

ஐந்து மணிக்கு ஆயர் ஈத்தாமிலிருந்து அழைப்பு.
இரண்டு அறை, மூன்றாவது மாடி,
வந்து பார்க்கலாமா என்று காலையில் கேட்டிருந்தேன்.
வீட்டுக்காரம்மா கொஞ்சம் தயங்கி,
"நீங்க... இந்தியரா?"

நாள் முழுக்கத் தேடியும் கிடைக்காத வரையறை
அவரிடம் இருந்தது,
உட்பிரிவு எதுவும் இல்லாமல்,
மனப்பாடமாக.

ஆமாம் என்றேன்.
வீடு நேற்றே போய்விட்டதாம்.

மறுபடி மேசை.
'குடிமகன்' என்று காலையிலேயே அடித்து வைத்திருந்தேன்.
குடி. குடியுரிமை. குடியிருப்பு. குடிக்கூலி.
உரிமையையும் வாடகையையும்
ஒரே வேரில் முளைக்கவிட்டிருக்கிறது என் மொழி;
அதற்கு முன்பே தெரிந்திருக்கும்.

கீழே ஜெஃப்ரின் ஷட்டரை இழுக்கிறான்.
மகனை அழித்துவிட்டு
'குடிமக்கள்' என்று திருத்தினேன்.
பன்மைக்குக் கூடுதலாகச் சென் கிடையாது.