அரை மணி பின்னால்

பேர் ஏழுமலை.
ஒரு மலைகூட இல்லாத நாட்டில் வேலை.
மாலத்தீவிலேயே ஆகப் பெரிய மேடு
நம் வீட்டுப் பரணுக்குக் கொஞ்சம் மேலே,
அவ்வளவுதானாம்.
போனைக் காதில் வைத்தபடி
பரணை அண்ணாந்து பார்த்தேன்.
டிசம்பர் வெள்ளத்தில்
கனிஷ்காவையும் ரேஷன் கார்டையும்
அங்கேதான் ஏற்றி வைத்தேன்.
சுவரில் எண்ணெய்க் கோடு இன்னும் போகவில்லை.

ஆறு கிடையாதாம்.
"ஒண்ணுகூடவா?"
"ஒண்ணுகூட இல்ல. கெடுக்கறதுக்கும்
ஒரு ஆறு வேணும் இல்ல?"
கொசஸ்தலையில் சாம்பல் படிந்ததை
அவருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.
அந்தச் சேற்றைத் தடவி இறால் பிடித்த கை.

காட்டுப்பள்ளியில் ஒன்பது வருஷம்
கடலை வடிகட்டினார், கான்ட்ராக்டில்.
அங்கேயும் அதே குழாய், அதே பம்புச் சத்தம்,
சம்பளம் மட்டும் டாலர்.
குடிக்க, குளிக்க,
கடலைப் பார்க்க வந்தவர்கள் நீந்தும் தொட்டிக்கும்
கடல்தான்.
"உப்பு எங்கப்பா போவும்?"
"திரும்பக் கடலுக்கே."
"அப்புறம் கடல் இன்னும் கரிக்காதா?"
லைன் கொஞ்ச நேரம் இரைந்தது.

வருஷம் முழுக்க முப்பது டிகிரி.
தென்மேற்கு நின்றால் வடகிழக்கு.
வெள்ளி, சனி லீவு; ஞாயிறு ஆபீஸ்.
காலையில் ரொட்டி, சூரைமீன், தேங்காய்த் துருவல்.
வெங்காயம் தூத்துக்குடியிலிருந்து தோணியில் வருதாம்.
நம்ம ஊர் வெங்காயம் உரிக்கும்போது
எப்படி இருக்கும் என்று கேட்டேன்.
"கண்ணு எரியும். வேற இன்னா?"

ஸ்கூல் சார்ட்டுக்கு
நீல ஸ்கெட்ச் தீரும்வரை தேய்த்தாள் கனிஷ்கா.
தீவுக்கு இடம் விட மறந்துபோனாள்.
ஒயிட்னரால் புள்ளி வைக்க உட்கார்ந்தாள்:
சுமார் ஆயிரத்து இருநூறு வேண்டும்,
நூற்றுப் பதினாறில் ஒயிட்னர் காய்ந்துவிட்டது.
"இதுல நீ எதுப்பா?"
"வெரல் வெச்சா மறையுது பாரு, அது."
எல்லாப் புள்ளியும் மறைந்தது.
மிஸ் 'வெரி குட்' போட்டு,
பக்கத்தில் சின்னதாக,
'தலைநகரம் எங்கே?'

எர்ணாவூருக்கு லாரி ஐந்தரைக்கு.
அங்கே அப்போது ஐந்து.
நான் சண்டை போட்டு, வரிசையில் நின்று,
குடத்தைத் தூக்கி வந்து
டீ வைத்த பிறகுதான்
அவர் அலாரம் அடிக்கும்.
எனக்கு நடந்து முடிந்த அரை மணி
அவருக்கு இன்னும் வரவில்லை.

இன்று எட்டுக் குடம்.
ஏழு எனக்கு.
பச்சைக் குடம் எதிர்வீட்டு ரெஜினாவுக்கு,
முட்டி ஆபரேஷன்,
படி இறங்க முடியாது.