மழைக்கு எதற்குப் படிப்பு

"ரிஸேயில் மழையைப் படிக்கப்
பல்கலைக்கழகம் எதற்கு?
ஜன்னலைத் திற, கையை நீட்டு,
பட்டம் வாங்கிக்கொள்" என்றார் அப்பா.
தேயிலை மூட்டை இறக்கிவந்த லாரியில்
வைப்பர் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.
எல்லோரும் சிரித்தார்கள்.
நானும்தான். நன்றாகத்தான் இருந்தது அது.

விருப்பப் பட்டியலில் இருபத்து நான்கு கட்டங்கள்.
வெள்ளி நள்ளிரவோடு மூடிவிடும்.
முதல் கட்டத்தில் பல் மருத்துவம் என்று
என்னைத் தவிர எல்லோரும் எழுதி முடித்தாயிற்று:
ட்ராப்ஸோனில் சொந்தமாய்ச் சாய்வு நாற்காலி போட்டிருக்கும்
முர்செல் அண்ணன்,
அந்த நாற்காலியைப் பார்த்தே பெண் கொடுத்த அவன் மாமனார்,
நெத்திலி நிறுத்துக்கொண்டே மீன்கடைக்காரர்.
"இவ்வளவு மதிப்பெண்ணை வைத்துக்கொண்டு
குறைந்த மதிப்பெண் படிப்பிலா?
இருநூறு லிரா தாளை நீட்டிவிட்டு
மீதி வாங்காமல் வருகிற மாதிரி."

மதிப்பெண் ஒரு பணம் என்று
அதுவரை எனக்குத் தெரியாது.

பெர்ரின் ஒரு சோதனை அனுப்பினாள்.
அறுபது கேள்வி.
கூட்டத்தில் நீங்கள் எப்படி,
நின்றுபோன கடிகாரத்தைக் கண்டால் என்ன செய்வீர்கள்.
ஓட்டல் நிர்வாகம் உங்களுக்குப் பொருந்தும் என்றது.
அவளுக்கும் அதையேதான் சொன்னதாம்.

பிடித்தது எது என்று கேட்டால்
சொல்ல வெட்கம்.
பதினோரு வயதிலிருந்து
மாடிக் கைப்பிடியில் கம்பி சுற்றிக் கட்டிய
ஒரு பாலாடைக்கட்டி டின்.
உள்ளே பள்ளி ஸ்கேல்.
காலை ஏழு மணிக்கு எட்டிப் பார்த்துக்
குறிப்பேட்டில் ஓர் எண்.
எதற்கு என்றால் பதில் கிடையாது.
மண்சரிவில் நான் யாரையும் இழக்கவில்லை,
வெள்ளத்தை நிறுத்தும் கனவும் இல்லை.
முப்பத்தொன்று என்று எழுதுகையில்
கை கொஞ்சம் வேகமாகும், அவ்வளவுதான்.
பூஜ்யம் எழுதும் நாளில்
யாரோ வாக்குத் தவறியதுபோல் வானத்தைப் பார்ப்பேன்.

வியாழன் இரவு குறிப்பேட்டைப் புரட்டினேன்.
பிப்ரவரியில் மூன்று வாரம்
சாம்சுனில் பயிற்சி வகுப்பு.
அந்தப் பக்கம் வெறுமையாய் இருக்க வேண்டும்.
இல்லை.
பென்சில். இடப்பக்கம் சாய்ந்த எழுத்து.
இரண்டு விரல்.
ஒன்றரை விரல்.
டின் முழுக்கப் பனி, இதை எப்படி அளப்பது?
இன்று பார்க்க மறந்தேன், கொட்டிவிட்டேன்,
ராத்திரி கேட்ட சத்தத்துக்கு மூன்று விரல் இருக்கும்.

அம்மா.
பல் மருத்துவத்தின் தலைமை வழக்கறிஞர்.

பீன்ஸ் கிள்ளிக்கொண்டிருந்தவள் முன் பக்கத்தை நீட்டினேன்.
"காலிக் கட்டம் பார்க்க அசிங்கமாயிருந்தது.
நிரப்பினேன்.
அதற்கொரு அர்த்தம் கட்டிவிடாதே.
பல் எல்லோருக்கும் வலிக்கும், ஸுஹால்.
மழை யாருக்கு வலிக்கும்?"
ஒரு பிடி பீன்ஸ் கழித்து,
"அந்தப் பனிக்கு என்னதான் கணக்கு?"
உருக்கி அளக்க வேண்டும் என்றேன்.
எவ்வளவு நேரம் என்றாள்.
அடுப்புப் பக்கத்தில் வைத்தால் அரை மணி.
தலையை ஆட்டிக்கொண்டாள்.
சம்மதம் என்று அதைக் குறிக்க முடியாது,
மறுப்பு என்றும்.

வெள்ளி இரவு பதினொன்று நாற்பது.
முதல் கட்டம்: வானிலைப் பொறியியல், இஸ்தான்புல்.
இரண்டாவது: பல் மருத்துவம்.
முதலாவது கிடைக்காமல் போகாது,
இரண்டாவது ஒரு மரியாதைக்கு.
மற்ற இருபத்திரண்டும் காலி.
பார்க்க அசிங்கமாகத்தான் இருந்தது.
அழுத்தினேன்.
மீதி யாரும் தரவில்லை.

காலை ஏழுக்கு மாடி ஏறினால்
எனக்கு முன்பே அங்கே அம்மா,
டின்னுக்குள் கையை விட்டபடி.
ஸ்கேல் இருக்கிறதே என்றேன்.
"இருக்கட்டும். எனக்கு விரல்தான் வரும்."