கழித்துக்கொண்டது

விடியும் முன்பே பின்னறையைக் காலி செய்து
திரிபுராக்காரர்கள் காட்பாடிக்கு ஆட்டோ ஏறிவிட்டார்கள்.
நாலு மணிக்கு சில்சாரிலிருந்து ஒரு குடும்பம் வருகிறது.
நடுவில் என்னிடம் இருப்பது
தேய்ந்த பல்துலக்கி, ஆப்ப சோடா, முட்டிக்கு ஒரு கோணி,
சைதாப்பேட்டைச் சந்தில் எங்கள் முறைக்கு வரும்
முக்கால் மணி நேரத் தண்ணீர்.

செங்கல் தளம். டைல்ஸ் போடச் சொல்லாதவர் இல்லை.
போடலாம்; வழுக்கும்.
ஆஸ்பத்திரிக்கென்று ரயிலேறி வந்தவர்
என் வீட்டில் விழுந்தா
இன்னொரு தடவை ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்?

போர் தண்ணீர் உப்பு.
கழுவினால் அந்த நேரத்துக்குச் சிவப்பு.
காய்ந்ததும் ஒவ்வொரு கல்லும்
நெற்றி நிறைய நீறு பூசிக்கொண்டு உட்காரும்.
ஒருமுறை ஆசிட் வாங்கி வந்தேன்.
கொத்தனார் ஜெயவேலு பாட்டிலைப் பிடுங்கினார்:
"இன்னாமா நீ? கல்லு தாங்கும், சாந்து தாங்குமா?
அந்த உப்பே தண்ணியிலதான் வந்துகீது.
தண்ணி ஊத்தியா அத்தப் போக்குவே?
காயவுட்டு, வறட்டு பிரஷ்ஷால தட்டு."

தட்டினேன். வெள்ளை மாவு முறத்தில் அரைப்படி தேறும்.

அதற்கப்புறம்தான் இடுக்குகள்.
ஸ்டவ் மூலையில் மஞ்சள், யார் குழம்போ.
ஜன்னலடியில் போன மாதத்துக் குழந்தையின்
பிசுபிசுத்த இருமல் மருந்து, அதில் ஒட்டிய இரண்டு எறும்பு.
கல்லிலிருந்து கறை போய்விடுகிறது.
சாந்து விடுவதில்லை,
குடித்ததை வெளியே சொல்லாத ஆள் மாதிரி.

கட்டில் காலிலிருந்து ஜன்னல் வரை
ஒரே ஒரு கோடு மட்டும் கறுப்பு.
நேற்று சாயங்காலம் அதைக் காட்டித்தான்
அட்வான்ஸில் ஐந்நூறு கழித்தேன்.
"தரையில் எண்ணெய் ஊற்றியிருக்கிறீர்கள்" என்றேன்
எனக்கு வந்த இந்தியில்.
ஷெஃபாலி கணவரைப் பார்த்தாள். தேப்நாத் தரையைப் பார்த்தார்.
மீதியை எண்ணிப் பர்ஸில் வைத்துக்கொண்டார்கள்.

இப்போது குனிந்து, முகம் ஒரு முழத்தில் இருக்கும்போது தெரிகிறது
ஊற்றிய எண்ணெய் இப்படிப் போகாது.
கோட்டுக்கு வலப்பக்கக் கற்கள் சுத்தம்.
இடப்பக்கம் மட்டும்
அரைப்பாதம், கால்பாதம், ஒரு கட்டைவிரல்,
ஜன்னலுக்குக் கீழே திரும்பிய இடத்தில் ஒரு வட்டம்,
சுவரில், இடுப்பு உயரத்தில், ஒரு கை.

தினமும் ஆறு மணிக்குச் சுவருக்கு அந்தப்பக்கம்
"ஏக், துய், தீன்" என்று கேட்கும்.
பணம் எண்ணுகிறார்கள் என்று நினைத்திருந்தேன்.
பில் கட்டவென்று. எல்லாரும் எண்ணுவதுதானே.

தலையைத் திறந்து மூடியவரை
ஒரு கோட்டின் மேல் நடக்கச் சொல்வார்களாம்,
குதிகாலை விரல்நுனி தொட.
அவர்களுக்குக் கிடைத்த கோடு என் சாந்து.
உள்ளங்காலில் அவள் தேய்த்த கடுகெண்ணெய்
நாற்பது நாள் அதில் இறங்கியிருக்கிறது.

சோடாவைக் குழைத்துக் கோடு நெடுகப் பூசினேன்.
கால்மணி நேரம் ஊறட்டும் என்று எழுந்தபோது
முட்டி நிற்கவில்லை; நானும் அந்தச் சுவரைப் பிடித்தேன்.
பிறகு தேய்த்தேன். வாடகைக்கு விடும் அறை.
பழுப்பு நுரை வந்தது, துணியால் ஒற்றி எடுத்தேன்.
ஜன்னல் பக்கம் முழுசாய்ப் போனது.
கட்டில் பக்கம் கொஞ்சம் பிடிவாதம்.
ரயில் இந்நேரம் கூடூர் தாண்டியிருக்கும்.

நாலரைக்கு வந்தார்கள். ஒரு அம்மா, கூட ஒரு மகன்,
கழுத்தில் தொங்கும் புதுப் ஃபைல்.
அட்வான்ஸ் எவ்வளவு என்றான்.
வழக்கமாகச் சொல்வதில் ஐந்நூறு குறைத்துச் சொன்னேன்.
அவன் பேரம் பேசத் தயாராய் வந்தவன்,
சந்தேகத்தோடு அறையைச் சுற்றிப் பார்த்தான்.

அந்த அம்மா முற்றத்துக் குழாயில் கால் கழுவிக்கொண்டு
ஈரத்தோடு உள்ளே வந்தாள்.
தளம் இன்னும் காயவில்லை, உப்பு மேலே வரும்
என்று சொல்ல வாயெடுத்தேன்.
சாவி எந்தப்பக்கம் திருப்ப வேண்டும் என்று மட்டும் காட்டினேன்.