மிடறு

மைக்குக்குப் போர்த்திய மயிர் உறையில்
மஸ்கெலியா மழை, தூறலாய்.
ஹெட்போனுக்குள் முதலில் விழுந்தது பந்தில்லை,
தராசுக் கொக்கி ஆடும் ஓசை.
பதினேழரை, என்றார் கணக்கப்பிள்ளை.
அரைக் கிலோ குறைந்ததற்கு அரைப்பேர்.
யாரோ ஒருத்தி காறித் துப்பியதும் பதிவாகியிருக்கிறது.

நிறுவை முடிந்தால்தான் ஆட்டம்.
காலையில் பேர் கொடுத்து நின்ற அதே பெரட்டுக்களத்தில்
மரக்கறித் தோட்டத்து வேலிவலையை
இரண்டு சவுக்கு மரங்களுக்கிடையே இழுத்துக் கட்டினார்கள்.
களம் சரிவு.
கீழ்ப்பக்கம் நிற்பவர்களுக்கு வலை ஒரு முழம் கூடுதல் உயரம்.
அதனால் டாஸ் போடுவதில்லை;
அன்றைக்குக் கொழுந்து குறைந்தவர்களுக்கு மேல்பக்கம்.
எந்தச் சம்மேளனமும் எழுதாத விதி.

பந்து தேயிலைக்குள் போனால் ஆட்டம் நிற்கும்.
வாதை மிதிக்காமல் எடுத்துவர ஒரு பையன், டினேஷ்குமார்.
தான்தான் அணியின் பன்னிரண்டாவது ஆள் என்றான்
கேமரா கேட்காமலே.

எங்கள் நிகழ்ச்சிக்குப் பெயர் 'கோட்டுக்கு வெளியே'.
விளையாட்டின் வழியாகச் சமூகத்தைப் பார்ப்பது
என்று ஷர்மிளன் லென்ஸைப் பார்த்து ஏழு தடவை சொன்னான்.
ஆறு தடவை அட்டை கடித்தது.

புஷ்பகாந்தி, முப்பத்தொன்று, இரண்டு பிள்ளை.
படங்கு கட்டிக் கட்டிக் காய்த்த இடுப்போடு
எழும்பி அடித்தாள்.
என் மீட்டர் சிவப்புக்குப் போய் வந்தது.
வெறும்பாதம் ஈரமண்ணை விடும்போது
முத்தம் பிரிவதுபோல் ஒரு சத்தம் வரும்,
சப்பாத்துக் கால்களில் அதை நான் கேட்டதில்லை.

இடைவேளை.
அனுசரணையாளரின் பெட்டி பிரிந்தது:
பச்சைப் பானம், பன்னிரண்டு போத்தல்.
"மூடியத் திறங்க, தலையப் பின்னால சாய்ங்க, அப்படியே குடிங்க."
திறந்தார்கள். சாய்த்தார்கள்.
ஒருத்தியும் குடிக்கவில்லை.

"ஏன்க்கா?"

"மலையில கக்கூசு இல்ல தம்பி. இங்கயும் இல்ல.
காலையில தொண்டையப் பூட்டிட்டுத்தான்
லயத்த விட்டு எறங்குறது.
ஒங்க தண்ணிய ராவைக்குக் குடிக்கிறோம்."

கூட நின்றவர்கள் சிரித்தார்கள்.
அந்தச் சிரிப்பும் சுத்தமாக விழுந்திருக்கிறது,
காற்றுகூடக் குறுக்கே வரவில்லை.

கொழும்பு. எடிட் அறை. ஏசி பதினெட்டில்.
நிகழ்ச்சிக்கு இதைவிட என்ன வேண்டும் என்றேன்.
நெவில் அண்ணன் இரண்டு தடவை போட்டுக் கேட்டார்,
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"நல்ல பைட்டுதான். ஆனா போத்தல் கையில இருக்கே."
கெட்டவர் இல்லை அவர்.
எங்கள் ஆறு பேரின் சம்பளமும்
அந்தப் பச்சை நிறத்தில்தான் வருகிறது.

போத்தல் தங்கியது, பேச்சு போனது.
அசையும் உதட்டை மறைக்க
மலைமேல் மேகம், ஒன்பது நொடி.
மூடி திறக்கும் சத்தத்துக்குப் பின்னால்
ஒரு பள்ளம்.
"அதுல ஒரு மிடறு போடு."

களஞ்சியத்தில் இருந்ததெல்லாம்
பியர் விளம்பரத்து மிடறுகள், எருமை விழுங்கல்.
கதவைச் சாத்தி,
மைக்குக்கு முன்னால் நானே குடித்தேன் ஒரு கிளாஸ் தண்ணீர்.
மூன்றாவது மிடறு பொருந்தியது.
பிறகு எழுந்து,
பத்தடி தள்ளியிருந்த கழிப்பறைக்குப் போய்வந்தேன்.

ஞாயிறு இரவு ஒன்பதுக்கு போன்.
பின்னால் பிள்ளைகளின் கூச்சல், குழாயில் ஏதோ நிறைகிறது.
திட்டுவாள் என்றுதான் எடுத்தேன்.

"தம்பி, நல்லா இருந்திச்சு.
நாப்பது பேரு ஒரே காம்பராவுல பாத்தோம்,
கைதட்டுனாங்க.
ஒரு சந்தேகம் மட்டும்.
நான்தான் குடிக்கவே இல்லையே,
மூடி தொறந்ததும் களக்குன்னு கேட்டிச்சு,
அது யாரு குடிச்சது?"