எடைக்கு வந்த பதக்கம்

அவர் பெயர் வெயிலுகந்தான்.
பட்டாளத்தில் சுபேதார்; கோவில்பட்டிப் பேட்டையில்
பருத்தி முதலாளி. நான் அவர் கணக்கன்,
இரண்டு பட்டத்துக்கும் ஒரே மை.

பெகுவில் ஆற்றைக் கடக்கையில் இடது முழங்காலில்
குண்டு ஒன்றைக் குடிவைத்துக்கொண்டு வந்தவர்.
மழைக்கு முந்தின நாள் அது நோகும்.
"விதைப்பு இறக்கலாம், வே" என்பார்.
பஞ்சாங்கம் தவறிய ஐப்பசியிலும்
அந்த முழங்கால் தவறியதில்லை.

துன்மதி வருஷம். கடலுக்கு அப்பால் எங்கோ
பருத்தி விளையும் தேசத்தில்
அண்ணனும் தம்பியும் சுட்டுக்கொள்கிறார்கள் என்று
தூத்துக்குடிக் கப்பல் சொன்னது.
கண்டி எண்பதுக்கு விற்ற பஞ்சு
இருநூறு, முந்நூறு; பிறகு
விலை கேட்கவே குரலைத் தாழ்த்தினோம்.
கம்பு நின்ற கரிசலெல்லாம் உப்பம் பருத்தி.
வண்டிக்காரன் காதில் சிவப்புக்கல் கடுக்கன்.
சுபேதார் ஒருநாளும் அந்தச் சண்டையில்
யார் பக்கம் நியாயம் என்று கேட்டதில்லை.
"இன்னும் எத்தனை நாள் தாங்குவான்?"
அது மட்டும்.

அரிசி திருடிய சிப்பாய்க்கு
முப்பது கசையடி எண்ணியவர் அவர்தான்.
ரக்தாட்சி மாசியில், ராத்திரி,
பொதிகளில் தண்ணீர் தெளிக்கச் சொன்னவரும் அவர்தான்.
"லேசா, வே. பனி மாதிரி."
பொதிக்கு மூன்று ராத்தல் பனி பெய்தது.

குரோதன வைகாசி. சண்டை முடிந்ததாம்.
கப்பல் ஏறாத நூற்றிருபது பொதி
ஓட்டப்பிடாரம் வழியே திரும்பி வந்தது.
அவிழ்த்தோம். உள்ளே பஞ்சு கறுத்து,
நனைந்த நாயின் வாடை.

மறுநாள் விடியலில் பழைய சிவப்புச் சட்டையைப் போட்டார்;
பொத்தான் வயிற்றுக்கு எட்டவில்லை.
கடன் பேரேட்டை விரிக்கச் சொல்லிவிட்டுக்
களத்தில் நின்று ஆஜர் கூப்பிட்டார்.
எதிரே தராசும் நானும்தான்.

"பூவலிங்கம், நாகலாபுரம்."
முன்பணம் நாற்பது. குலுக்கையில் கம்பு இல்லை.
"காயம்னு எழுது."
"சங்கு ரெட்டி, கழுகுமலை."
கண்டிச்சீமைக்குக் கப்பலேறிவிட்டான்.
"காணோம்."
"மாடத்தி, பசுவந்தனை."
நான் பேசவில்லை. அவர் தலைப்பாகையை எடுத்தார்.

இருநூற்றுப் பதினோரு பெயர் முடிய
வெயில் உச்சிக்கு வந்துவிட்டது.
"இந்தப் பட்டாளத்துக்கு அதிகாரி யாருவே?"
மையைத் தொட்டேன். தாளில் இடம் இருந்தது.
தொட்டபடியே இருந்தேன்.

பெகுப் பதக்கத்தைக் கழற்றித் தட்டில் போட்டார்.
வெள்ளி; மூன்று ரூபாய் எடை.
"கழிச்சிக்கோ" என்றார்.

யார் கணக்கில் என்று சொல்லவில்லை.