விலக்கு

ஒரு முறையீட்டுக்குப் பதினைந்து நிமிடம்.
நாய் குரைத்ததற்கு அபராதம் கட்ட மறுத்தவர்
முணுமுணுத்தபடி வெளியேற,
உள்ளே வந்தார் மார்லீன் கிவெலா.
சாலைக்கு மணல் தூவும் லாரி ஓட்டுபவர்.
பூட்ஸில் உப்புக் கறை.

மேசைமேல் வைத்தது ஒரு ரொட்டிப் பை.
உள்ளே, பிரித்தும் பிரிக்காமலும், எங்கள் கடிதங்கள்.
நடைபாதைப் பனி அள்ளாதது: நூற்றெழுபத்தைந்து டாலர்.
மறுபடி அள்ளாதது: முந்நூற்றைம்பது.
முழங்காலுயரப் புல்: இருநூறு.
ஆளில்லா வீட்டுக்கான தண்டம்: நாலாயிரத்துச் சொச்சம்.
சொச்சம் என்று பதிவேட்டில் எழுதக்கூடாது.
நாலாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு.

வீடு யார் பேரில்?
தம்பி பேரில். டாரல்.
அவர் வரவில்லையா?

போன மார்ச்சுக்கு முந்தின மார்ச்சில்
சுப்பீரியர் ஏரியின் உறைபனிமேல்
மீன் பிடிக்கப் போனவன்.
பனிவண்டி கிடைத்தது.
தலைக்கவசம் கிடைத்தது.
தூண்டில் வாளிகூட, மூடி போட்டபடி.

விலக்குகள் மொத்தம் ஐந்து.
முதலாவது, உரிமையாளர் இறப்பு.
சான்றிதழ் இணைக்கவும்.

"நீதிபதி முன்னாடி நின்னு
அவன் செத்துட்டான்னு நான் சத்தியம் பண்ணணுமாம்.
வக்கீல் சொன்னார்.
நான் பண்ண மாட்டேன்."

இருக்கிறான் என்றால் வீட்டில் இல்லை.
இல்லை என்றால் அதற்குக் காகிதம் இல்லை.
விற்கக் கையெழுத்தில்லை, வாடகைக்கு விட மனசில்லை.
ஞாயிறுதோறும் போய்க் குழாயைத் திறந்துவிட்டு வருகிறார்
உறைந்து வெடிக்காதிருக்க.
தண்ணீர்க் கணக்கில் வாரம் எட்டு நிமிட ஓட்டம்.
அதையும் எங்கள் ஆட்கள் குறித்திருந்தார்கள்,
ஆளில்லை என்பதற்குச் சாட்சியாக.

எங்கள் வேலையில் யோசனை சொல்லக்கூடாது.
நான் சொல்லவில்லை.
படிவத்தை அவர் பக்கம் திருப்பி
ஐந்தாவது வரிமேல் பேனாவைப் படுக்க வைத்துவிட்டு
ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
வெளியே யாரோ காரைச் சுரண்டிக்கொண்டிருந்தார்கள்.

*பழுதுபார்ப்பு நடைபெறும் வீடு.
அனுமதிச்சீட்டு அறுபது டாலர். ஓராண்டு செல்லும்.*

இரண்டு தரம் படித்தார்.
"அங்க எதுவும் பழுதில்லையே.
வாசப்படியை அவனே போட்டான். கல்லு மாதிரி நிக்குது."
பதினைந்து நிமிடம் முடிந்திருந்தது.
தண்டத்தை நிறுத்திவைத்தேன், மே மாத ஆய்வு வரை.
பனிக்கு உண்டானதைப் பாதியாக்கினேன்.
அவ்வளவுதான் என் பேனாவின் நீளம்.

சின்ன ஊர்.
கேட்பவனே போய்ப் பார்க்கவும் வேண்டும்.
மே மாதம் போனேன், அளவு நாடாவோடு.
ஜன்னல் கண்ணாடியில் அனுமதிச்சீட்டு.
சம்மட்டியால் உடைத்த படிகள்:
மூன்று, நடுவில் பிளந்து,
விலா எலும்பு மாதிரி மரம் வெளியே தெரிய.
பக்கத்தில் புதுப் பலகை, ஆணி டப்பா, தேநீர்க் குடுவை.

"பொய் எழுத எனக்கு வராது" என்றார்,
சம்மட்டியைக் கால்மாற்றி வைத்தபடி.
"முதல் அடிக்கு உடையவே இல்ல.
நல்லாத்தான் போட்டிருக்கான்."

வேலிமேல் சாய்ந்திருந்தன பழைய பலகைகள்.
ஒன்றின் அடிப்பக்கம் பென்சிலில்
முப்பத்தாறேகால் என்று எழுதி
அடித்துவிட்டு முப்பத்தாறரை.
முற்றத்தில் கழிவு மரம் வைத்தால் நூற்றைம்பது.
எனக்கு அந்தப் பக்கம் வெயில்; கண் கூசியது.

வேலை நடைபெறுகிறது, என்று எழுதினேன்.
ஒரு வருடத்துக்குள் முடிக்கணும் என்றேன்.
"மெதுவாத்தான் முடிப்பேன்."
அதற்கப்புறம்? அதைப் பற்றி
இருவரும் எதுவும் கேட்டுக்கொள்ளவில்லை.

புல்லுக்கான இருநூறை மட்டும்
ரொக்கமாக எண்ணி நீட்டினார், அங்கேயே.
அலுவலகத்தில்தான் கட்ட வேண்டும் என்றேன்.
மறுநாள் கட்டியிருந்தார்.
முறையீடு உண்டா என்ற கட்டத்தில்
கிறுக்கலாக ஒரு வரி:
இல்லை. புல் வளர்ந்தது உண்மை.